எட்டு எடைச் சீட்டு

— ஃபேனை நிறுத்தாம டப்பிங் பண்ண முடியாதாடா? ஜன்னல்ல மெத்தை, கதவுல கம்பளி. என்னை இட்லி மாதிரி அவிக்கப் போறியா?

— ஃபேன் சத்தம் மைக்குல விழும்க்கா. கடைசி சீன், ஒரே ஒரு டயலாக். சிம்பிள். முடிஞ்சதும் ஃபேன், ஜூஸ், எல்லாம்.

— நாலு நாளா இதையேதான் சொல்ற. நடிச்சவளே பேசித் தொலைய வேண்டியதுதானே?

— பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்குற பொண்ணுக்கா. மூஞ்சி அம்சமா இருக்கு. வாயைத் திறந்தா 'அடுத்து யாருங்க'ன்னு கூப்பிடுற மாதிரியே இருக்கு. உன் குரல் விழுந்த பிறகுதான் அவ ஹீரோயினே ஆனா.

— ஐஸ் வைக்காத. துணி தைக்க அக்கா, பாடுறதுக்கு அக்கா, இப்ப பேசுறதுக்கும் அக்கா. எட்டு பேர் ஆடுறாங்கன்னு கண்ணு எரிய எட்டு பாவாடை தைச்சேன். போய்ப் பார்த்தா நாலு பொண்ணுங்க நிக்குது.

— நாலு பேரும் கேமராவுக்குப் பின்னாடி ஓடி, பாவாடை மாத்திக்கிட்டு மறுபடி வருவாங்க. பழைய பாட்டுப் படத்துல ஐம்பது பேர் ஆடுவாங்க, நமக்கு நாலு பேர் ஓடுறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். சரி, போடட்டுமா?

— முதல்ல சீனைச் சொல்லு. யார்கிட்ட எதுக்குப் பேசுறேன்னு தெரியாம என்னத்தைப் பேச?

— ஹீரோ வெளியூர் கிளம்புறான். இவ ஸ்டேஷன் முன் வாசல் கடிகாரத்துக்குக் கீழ அவனுக்காகக் காத்திருக்கா. அவன் பின் வாசல்ல, எடை பார்க்குற மெஷின் பக்கத்துல. இடத்தை மாத்திச் சொன்னது அவளோட தம்பி, பொடியன். இவ இந்தப் பக்கம் பாட, அவன் அந்தப் பக்கம் பாட, திரையில ஆளுக்குப் பாதியா டூயட். அவன் பொழுது போகாம மெஷின்ல ஏறி ஏறி எடை பார்க்குறான். விழுற சீட்டுக்குப் பின்னாடி ஒவ்வொண்ணுலயும் அவளுக்கு ஒரு வரி எழுதுறான். ஒன்பது தடவை ஏறுறான்னுதான் எழுதியிருந்தேன். சீட்டு எட்டுதான் கைவசம் இருந்துச்சு, எட்டாக்கிட்டேன். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்க்கா.

— சிரிக்கும். அப்புறம்?

— தம்பிக்கு மனசு கேக்கலை. ஓடி வந்து உண்மையைச் சொல்லி, சீட்டையெல்லாம் அக்கா கையில குடுத்துடுறான். அவ அவன் காதைத் திருகி, 'போடா, இப்பவாவது சொன்னியே, மன்னிச்சுட்டேன்'ங்கிறா. அதான் உன் டயலாக். அப்புறம் ரயில் கிளம்புறதுக்குள்ள ஓடுறா, கடைசிப் பாட்டு, சுபம்.

— சரி, போடு. 'போடா, இப்பவாவது சொன்னியே...' நிறுத்து.

— ஏன்க்கா, லைட்டா அழுகை கலந்து நல்லாத்தானே வந்துச்சு?

— கொஞ்சம் பின்னாடி போ. திரை நிறைய அந்தச் சீட்டைக் காட்டுற பாரு, அங்க நிறுத்து. இதை எங்க பிடிச்ச?

— பழைய சாமான் கடையில.

— பின்னாடி இருக்குற கையெழுத்து?

— ஆர்ட் டைரக்டர் எழுதினது.

— நம்ம படத்துக்கு ஏதுடா ஆர்ட் டைரக்டர்? நீயும் நானும்தானே சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சோம்.

— சொன்னா கேளுக்கா. மாடி வீட்டுல வாஷிங் மெஷின் போட்டுட்டாங்கன்னா இன்னிக்கு டேக்கே எடுக்க முடியாது. முதல்ல முடிச்சுடுவோம்.

— போடட்டும். 'நீ வர்ற பஸ் லேட்டா இருக்கும். ஐம்பத்தெட்டு கிலோ.' அடுத்தது, 'இன்னும் ஐம்பத்தெட்டுதான். கவலைக்கு எடை இல்லை போல.' இந்த 'ல'வோட சுழியை இப்படி இழுத்து எழுதுறது யாருன்னு எனக்குத் தெரியாதா? தியேட்டர்ல டார்ச் அடிச்சு இடம் காட்டுவாரே, அவரு. நீ 'டார்ச் மாமா, டார்ச் மாமா'ன்னு பின்னாடியே திரிவியே.

— அக்கா...

— நீ இப்ப பார்த்துப் பார்த்து எடுத்திருக்கியே, அந்தப் பாட்டுப் படமெல்லாம் அவரு காட்டின இடத்துல உக்காந்து நாம பார்த்ததுதான். அவரு வேலை கிடைச்சு வெளியூர் போற அன்னிக்கு, நான் எங்க வரணும்னு உன்கிட்டதான் சொல்லி அனுப்பினாரு. நீ என்ன வந்து சொன்ன?

— கடிகாரத்துக்குக் கீழன்னு.

— அவரு சொன்னது?

— பின் வாசல். எனக்குப் பதிமூணு வயசுக்கா. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகலை. அப்பா லாரியில போனா எப்ப வருவாருன்னே தெரியாது. நீயும் ரயில் ஏறிட்டா எனக்கு யாரு சோறு போடுவா?

— அதை என்கிட்ட கேட்டிருக்கலாம். உன்னையும் கூட்டிட்டுப் போறதாதான் நாங்க பேசி வச்சிருந்தோம்.

— தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது.

— சீட்டு உன் கைக்கு எப்படி வந்துச்சு?

— தூண் மறைவுல நின்னு அவரைப் பார்த்துட்டே இருந்தேன். ரயில் வந்தப்ப அவரும் என்னைப் பார்த்துட்டாரு. திட்டப் போறாருன்னு நெனச்சேன். எல்லாத்தையும் என் கையில வச்சு, 'அக்காகிட்ட குடுத்துடு, மறந்துடாத'ன்னுட்டு ஏறிட்டாரு.

— நீயும் மறக்கலை. பத்திரமா வச்சிருந்து ஊருக்கே காட்டப் போற.

— அந்த மாதிரி அட்டை இப்ப எங்கயும் கிடைக்கலை. புதுசா அச்சடிக்கக் கையில காசும் இல்லை. நீ வாயசைவைப் பார்த்துத்தானே பேசுவ, இதைக் கவனிக்க மாட்டன்னு...

— எனக்கு எவ்வளவு வருஷம் போச்சு தெரியுமா? வந்த வரனையெல்லாம், ஒருத்தனை நம்பி நின்னது போதும்னு திருப்பி அனுப்பினேன். பத்து வருஷம் அவரு வரவே இல்லைன்னு நெனச்சு மனசுக்குள்ள திட்டிட்டே இருந்தேன்.

— பத்தா? இருபத்திரண்டு ஆச்சேக்கா.

— எனக்கு எண்ணத் தெரியும்.

— இந்தக் கதையை நான் எழுதினதே உனக்காகத்தான். நேர்ல சொல்ல வாய் வரலை. படத்துலயாவது அவங்களைச் சேர்த்து வைக்கலாம்னு பார்த்தேன்.

— எனக்காகவா? 'மன்னிச்சுட்டேன்'னு ஒரு வார்த்தை என் குரல்ல வேணும் உனக்கு. நான் எதுக்குச் சொல்றேன்னு எனக்கே தெரியாம வாங்கி வச்சுக்கணும். அதுக்குத்தான் இந்த மெத்தை, கம்பளி எல்லாம்.

— ஆமா. வேணும்தான். இப்பதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே. படத்துல வர்ற பொடியனும் இப்படித்தானே சொல்றான். ஒரே ஒரு வார்த்தை, சொல்லிடுக்கா.

— அந்த இடத்துல பாட்டு போட்டு மறைச்சுடு.

— முடியாதுக்கா. மூஞ்சியைக் கிட்டத்துல காட்டுறோம், வாய் அசையுது. வேற எந்த வார்த்தையும் அதுல உட்காராது.

— உன் பொடியன் அவனா ஓடி வந்து சொன்னான்டா. நீ கணக்குல விட்ட அந்த ஒன்பதாவது சீட்டு, 'அடுத்த ஞாயிறும் இங்கேயே வந்து நிப்பேன்'னு எழுதினது, உன் பெட்டியை ஒழிக்கும்போது நான் எடுத்து என் தையல் மெஷின் டிராயர்ல வச்சுப் பன்னெண்டு வருஷமாச்சு. நான் அதைப் பார்க்கும்போதே அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சு. நீயா வந்து வாயைத் திறக்கிற அன்னிக்கு மன்னிச்சுடணும்னு நெனச்சுதான் தினமும் உனக்குச் சோறு போட்டேன். இன்னிக்கும் நான்தான் கேட்டேன்.