ஃபேனுக்கு அடியில் ஒரு நாற்காலி

எங்கள் ஆபீஸில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி கொஞ்சம் ஆடும். காகிதத்தை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் வைத்துச் சரி செய்தவன் நான்தான். இப்போது ஆடுவது என் கால். நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள்.

நான் துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. நிற்கிற கஸ்டமர் பக்கத்துக் கடையை எட்டிப் பார்ப்பார், உட்கார்ந்தவர் பார்க்கமாட்டார். செல்போன் கம்பெனி கவுன்டருக்கு வந்த பிறகும் அந்தக் கணக்கை நான் மறக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் வாடிக்கையாளர்களுக்கு மோசடி பற்றி வகுப்பெடுப்பதும் நான்தான். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், திடீரென்று டவர் போனால் உங்கள் நம்பரில் யாரோ வேறு சிம் வாங்கியிருக்கலாம், உடனே ஓடி வாருங்கள் என்பேன். நன்றாகவே எடுப்பேன். முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் டிரைவர் அண்ணன். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவிக்கு வியாழக்கிழமை இதய ஆபரேஷன் என்றும், அதற்கான பணம் பேங்கில் தயாராக இருக்கிறது என்றும் அவராகவே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை ஓடி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"தம்பி, டவரே இல்லை. நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டேன்."

"கிளாஸ்ல நீங்கதாண்ணே ஃபர்ஸ்ட். உட்காருங்க, ஃபேன் காத்து வரும்."

"உட்கார முடியலப்பா. ஆபரேஷன் காசு அதுலதான் கிடக்கு. பஸ்ஸா இருந்தா இந்நேரம் ஹாரன் அடிச்சே ஊரைக் கூட்டியிருப்பேன்."

"நான் இருக்கும்போது என்னண்ணே கவலை."

உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். டோக்கன் கொடுத்தேன். போனை அணைத்துப் போடச் சொன்னேன், இன்னொரு தடவையும் சொன்னேன். எழுந்தபோதெல்லாம் "வந்துடும்ணே" என்றேன். நம்பரை முடக்கும் பட்டன் என் திரையிலேயே இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். நான் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

புது சிம்முக்கு ஒரு நாள் வரை பேங்க் அனுப்பும் ரகசிய எண் மெசேஜ் போகாது. கம்பெனி போட்ட பூட்டு அது. மருத்துவ அவசரம் என்று எழுதினால் கவுன்டரிலேயே திறக்கலாம். அன்று காலை அவர் நம்பருக்கு வேறொருவன் கையில் சிம் கொடுத்து, அப்படி எழுதித் திறந்தவன் நான். பொய் எழுதவில்லை பாருங்கள், அவர் வீட்டில் மருத்துவ அவசரம் இருக்கத்தான் செய்தது.

பணத்தை எடுத்தாயிற்று என்று சிம் வாங்கிய கும்பலிடமிருந்து தகவல் வந்ததும் பட்டனைத் தட்டினேன். "நம்பரை முடக்கிட்டேண்ணே, இனி யாரும் தொட முடியாது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி."

அந்த வியாழக்கிழமை ஆபரேஷன் நடக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை அதற்குத் தேவை இருக்கவில்லை.

அந்த நாற்காலியில் நான் உட்கார வைத்த ஏழாவது ஆள் அவர். மற்ற ஆறு பேரின் பெயரையும் எழுதித் தருகிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். அவரை ஒரு மணி நேரம் பிடித்து வைக்கச் சொல்லித்தான் கேட்டார்கள். ஆபரேஷன் வீடு, மனுஷர் பாவம் என்று பேரம் பேசி நாற்பது நிமிஷத்துக்கு இறக்கினேன். இருபது நிமிஷம் அவருக்காக நான் வாங்கிக் கொடுத்தது. அது அவருக்குத் தெரியாது. நீங்களாவது சொல்லுங்கள்.