இழுக்காமல் சுற்றிய டேப்

“கேக் மேல சொட்டுது சார், கேக் மேல. நாளைக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டிய கேக்கு.”

“என் பாத்ரூம் தரையைத் தொட்டுப் பாருங்க மேடம். காஞ்சு கெடக்கு. உங்க அடுப்பு ஆவிதான் மேல முட்டிக் கீழ சொட்டுதோ என்னவோ.”

“ஆவியாம். ராத்திரியெல்லாம் கரகரன்னு பல்லை ராவுறீங்களே, அந்த அதிர்வுலதான் குழாயே விட்டுப் போயிருக்கு.”

இது மாடிப்படியில் நடந்த சண்டை. சண்டைக்கு நடுவே நிற்பவர்களுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. என் கையில் டேப் இருந்தது.

குடியிருப்புச் சங்கத்தின் சார்பில் நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் வரிசையாகவே சொல்கிறேன், செயலாளர் சார். மேல்வீட்டுக்காரர் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். அவருக்கு நேர் கீழே கேக்கம்மா. வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். அந்தச் சமையலறை நனைந்தால் அவள் பிழைப்பு நனைந்தது என்று அர்த்தம். மேல்வீட்டுக்கு எதிர்வீடு நான். முன்பு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் பேசுவதற்கு நடுவில் இருப்பது என் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மேல்வீட்டுக் குழாய்கள் ஓடும் சுவர்ச் சந்தின் சின்னக் கதவு என் குளியலறைக்குள்தான் திறக்கும். வீட்டைக் கட்டியவர் செய்த பிழை அது. நான் குறை சொன்னதே இல்லை.

முதல் ஒழுகல் தானாக வந்தது. அதை எழுதிக்கொள்ளுங்கள். பிளம்பர் வர நாளாகும் என்றார். என்னிடம் வாஷிங் மெஷின் குழாய்க்கு வாங்கிய ரப்பர் டேப் மிச்சமிருந்தது. அதில் பசை கிடையாது. தண்ணீரை மூடி, குழாயைத் துணியால் நன்றாகத் துடைத்து, டேப்பை மெலிந்து போகும் அளவுக்கு இழுத்து இழுத்து, ஒரு சுற்றின் மேல் பாதி ஏறுகிற மாதிரி சுற்ற வேண்டும். இழுத்தால்தான் அது தன்னோடு தானே ஒட்டி ஒரே ரப்பராகும். இழுக்காமல் சுற்றினால் அது டேப் இல்லை, ரிப்பன்.

அன்று நான் இழுத்துத்தான் சுற்றினேன். சொட்டு நின்றது. கேக்கம்மா கேக்கின் ஓரங்களை வெட்டி ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து, “நீங்க மட்டும் இல்லேன்னா நான் வீட்டைக் காலி பண்ணியிருப்பேன்க்கா” என்றாள். பிறகு மேல்வீட்டுக்காரரைப் பற்றி ஒரு மணி நேரம் திட்டினாள். அவள் போனதும் அவர் வந்தார். அவளைப் பற்றி ஒரு மணி நேரம் குறைப்பட்டார். கடைசியில் எழுந்து போகும்போது, “ஆனா கோவத்துல அவங்க முகம் நல்லாத்தான் இருக்கு” என்றார். அந்த வாரம் எனக்குப் பறப்பது போல இருந்தது.

பிறகு என்ன, டேப் பிடித்துக்கொண்டது. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. என் வீட்டு அழைப்பு மணி கெட்டுப்போய்விட்டதோ என்று நானே வெளியே நின்று அழுத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்தது.

அதனால் டேப்பை அவிழ்த்து, இழுக்காமல் சுற்றினேன். இவ்வளவுதான் விஷயம்.

சண்டை மறுபடி பிறந்தது, நானும் மறுபடி பிறந்தேன். படியில் குரல் உயர்ந்ததும் டேப்போடு ஓடுவேன். “அக்கா வந்தாச்சு” என்று இருவரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை. ஒருநாள் இறுக்கிச் சுற்றுவேன், ஒருநாள் தளர்த்திச் சுற்றுவேன். விரிசல் உப்புப் படிந்து தானாகவே அடைந்துகொண்டபோது, சாக்குத் தைக்கும் கோணூசியால் கொஞ்சம் உதவி செய்தேன். பிளம்பர் வந்தபோது, சரியாகிவிட்டது என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். வேலையுள்ள மனுஷன், அவருக்கு எதற்கு அலைச்சல்.

பேச்சையும் நான்தான் கொண்டுபோனேன். அவர் சொன்ன முகத்தழகை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால், “உன் கேக்கைத் தின்னா பல் போயிடுமாம், அதனாலதான் தனக்குப் பொழப்பு ஓடுதுன்னு சொல்றார்” என்றேன். கேக்கம்மா கரண்டியோடு மாடி ஏறிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவள் சமையலறைக் கூரை ஊறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பழுப்பு வட்டம் முதலில் வடை அளவு இருந்தது, பிறகு தாம்பாளம் அளவு ஆனது. “அக்கா, இது விழுந்துடாதே?” என்று அவள் கேட்டாள். அண்ணாந்து பார்த்தேன். விழும் போலத்தான் இருந்தது. “சாயம்டி, வெறும் சாயம்” என்றேன். விழும் என்று சொல்லியிருந்தால் பெரிய ரிப்பேர் ஆள் வந்திருப்பான். எல்லாம் ஒரேயடியாக முடிந்து போயிருக்கும்.

விழுந்தது. பாதி மூன்றடுக்குக் கேக்கின் மேல், மீதி அவள் வலது கை மேல். மணிக்கட்டு எலும்பு இரண்டாகப் போனது. கிரீம் பூப்போடுகிற கை அது. உள்ளூர எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் டேப்போடு முதலில் ஓடியது நான்தான். அவள் முனகிக்கொண்டிருந்தாள், நான் ஒழுகலை நிறுத்தினேன். அன்றைக்கு இழுத்தே சுற்றினேன்.

அப்புறம்தான் வேடிக்கை. கையிலிருந்த ஆர்டர்களை முடிக்க ஆளில்லாமல் அவள் அழ, மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார். “பல்லை வடிக்கிற கை, பூ வடிக்காதா?” என்றார். அவர் போட்ட ரோஜா ஒவ்வொன்றும் அச்சு அசல் கடைவாய்ப் பல். கட்டுப் போட்ட கையோடு அவள் சிரித்த சிரிப்பு என் வீடு வரை கேட்டது. “இதழை விரிங்க சார், வேரை விடாதீங்க.” “வேர் இல்லேன்னா ஆடும் மேடம்.” சுவரில் காதை வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். என்னைக் கூப்பிடவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பார்கள்.

நடுவில் ஆளில்லாமல் பேசிக்கொண்டதில் யார் எதைச் சொன்னார், யார் எதைச் சொல்லவில்லை என்பதெல்லாம் வெளியே வந்திருக்கும். படியில் என்னைப் பார்த்தால் கேக்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கழுத்திலும் அடிபட்டிருக்குமோ என்னவோ. பிறகு பிளம்பர் என் குளியலறைக் கதவைத் திறந்தார். ஊசித் துளைகளைப் பார்த்தார். உங்களைக் கூட்டி வந்தார்.

ஆம், நான்தான். ஒழுகவிட்டது, கூரையை ஊறவைத்தது, விழும் என்று தெரிந்தே விழாது என்றது, எல்லாமே. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நான் இல்லையென்றால் அவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஏது?

கல்யாணம் போன மாதம் நடந்தது. அழைப்பு வரவில்லை. இருவரும் ஊருக்கு வெளியே, மேலே மாடியில்லாத தனி வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். முகவரி யாரிடமும் கொடுக்கவில்லை. புது இடம், பாவம், அக்கம்பக்கத்தில் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. அதனால்தான் விசாரித்துக் கண்டுபிடித்து அவர்களுக்குப் பக்கத்து வீட்டைப் பேசி முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறேன். ஒரே மதில் சுவர்தான் நடுவில். பார்த்ததும் அப்படியே பூரித்துப் போவார்கள்.