நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் கொஞ்சம் மீட்டரும்

— கதவைச் சாத்திட்டு இப்படி உட்காரும்மா. நின்னுக்கிட்டே பேசற விஷயம் இல்ல இது.

— இருக்கட்டும் சார். துணி வண்டி வெளிய நிக்குது, ரெண்டாவது மாடி வார்டுக்குப் போர்வை போகணும். பரிசு விஷயமாத்தான் கூப்பிட்டிருப்பீங்கன்னு எங்க சலவைப் பிரிவுல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே அனுப்பி வச்சாங்க.

— பரிசு விஷயம்தான். வினாடி வினால உங்க அணிக்கு நான் கேட்ட கடைசிக் கேள்வி ஞாபகம் இருக்கா?

— மாரத்தான் ஓட்டம் எவ்வளவு தூரம்னு கேட்டீங்க. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் நூத்தி அம்பத்தொன்பது மீட்டர்னு சொன்னேன். 'சரியான விடை'ன்னு நீங்களே மைக்ல சொன்னீங்களே சார்.

— சொன்னேன். அதாவது, என் விடைத்தாள்ல அப்படித்தான் இருந்துச்சு. மறுநாளே டாக்டருங்க அணி புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. நூத்தி அம்பத்தொன்பது இல்லம்மா, நூத்தித் தொண்ணூத்தஞ்சு. அஞ்சும் ஒன்பதும் இடம் மாறிப்போச்சு.

— அடடா. ஒரு மார்க்லதானே அவங்களை ஜெயிச்சோம். அது போயிடுமா?

— மார்க் போனா போகட்டும். பாரும்மா, விடை தெரியாதவங்க நாற்பதும்பாங்க, அம்பதும்பாங்க. தெரிஞ்சவங்க சரியாச் சொல்வாங்க. என் விடைத்தாள்ல இருந்த அதே தப்பை, ஒரு மீட்டர் பிசகாம, நீ எப்படிச் சொன்னே?

— புரியல சார்.

— அந்தத் தாள் இந்த மேஜை இழுப்பறைலதான் இருந்துச்சு. போட்டிக்கு முந்தின நாள் திரைச்சீலை கழட்ட நீ இங்க வந்தே. நான் சாப்பிடப் போயிருந்தேன். நீ வெளிய வந்ததை மேட்ரன் பார்த்திருக்காங்க.

— ஓ. இப்பப் புரியுது. உட்கார்ந்துக்கறேன் சார்.

— தண்ணி குடிக்கிறியா?

— வேணாம். பதினொரு வருஷமா இங்க துணி எடுக்கறேன். தலையணை உறைக்குள்ள மோதிரம் வரும், சட்டைப் பைல செயின் வரும். ஒரு நாளாவது... விடுங்க. என்னைப் பத்தி நானே சொல்லிக்கறது நல்லா இல்ல.

— நான் உன்னைத் திருடின்னு சொல்லலம்மா. இழுப்பறை திறந்து கிடந்திருக்கும், கண்ணுல பட்டிருக்கும். யாருக்கும் சபலம் வர்றதுதான். 'தெரியாம பார்த்துட்டேன்'னு ஒரு வரி எழுதிக் கொடு. மேட்ரன்கிட்ட நான் பேசிக்கறேன். உன் வேலைக்கு ஒண்ணும் வராது.

— எங்க அணில மூணு பேரு சார். தையல் அக்கா, இஸ்திரி அண்ணன், நான். நான் அந்த வரியை எழுதினா அவங்களும் திருடினதா ஆயிடும். அண்ணன் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு இஸ்திரி மேஜைக்கு மேல மாட்டியிருக்காரு. ஆணி அடிக்கறேன்னு கட்டை விரலை வேற நசுக்கிக்கிட்டாரு. நான் எழுத மாட்டேன். வேணும்னா கேள்வி கேளுங்க.

— என்ன கேள்வி?

— எது வேணா. அந்தத் தாள்ல இல்லாததாக் கேளுங்க.

— இதெல்லாம் எதுக்கும்மா. சரி, சரி. நூறாண்டுப் போர் எத்தனை வருஷம் நடந்துச்சு?

— நூத்திப் பதினாறு. பேரு வச்சவங்களுக்குக் கணக்கு வராது.

— ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?

— மூணு. ரெண்டு செவுளுக்கு, ஒண்ணு மத்த உடம்புக்கு.

— வெள்ளி கிரகத்துல...

— நாள் பெருசா வருஷம் பெருசான்னுதானே? நாள்தான். வெள்ளிக்குச் சோம்பல் ஜாஸ்தி. தன்னைத்தானே ஒரு சுத்து சுத்தி முடிக்கறதுக்குள்ள வருஷம் ஓடிப்போயிடும்.

— வெண்பாவோட கடைசி அடில எத்தனை சீர்?

— மூணு. நாலு நாலு சீரா நடந்து வந்த வெண்பா, கடைசில மூச்சு வாங்கி மூணோட உட்கார்ந்துடும்.

— இதை யாரு சொன்னா உனக்கு?

— எதை சார்?

— மூச்சு வாங்கும்கறதை. சோம்பல்கறதை. எந்தப் புத்தகத்துலயும் இப்படி இருக்காது.

— புத்தகத்துக்கு நான் எங்க போவேன்? எட்டாவதோட நின்னவ. முன்னாடி கீழ்த்தளத்துல, சரக்கு லிஃப்ட் பக்கத்துல ஒரு கரும்பலகை இருந்துச்சு. தினம் ஒரு செய்தி எழுதியிருக்கும். அந்த லிஃப்ட் வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஈரத்துணி வண்டியோட நிக்கறப்ப வேற என்ன பண்றது? சின்ன நோட்டுல எழுதிக்குவேன். வீட்டுல நாலு நோட்டு இருக்கு, தேதி போட்டு. மாரத்தானும் அதுலதான் இருக்கு.

— நீ பார்த்து எழுதும்போது மாறியிருக்கலாமே?

— மாறாது. ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் சரி பார்ப்பேன்.

— அப்ப பலகைலயே தப்பா இருந்திருந்தா?

— கோவிச்சுக்காதீங்க சார். டாக்டருங்க புத்தகத்துல தப்பு இருக்கும். அவரு தப்பா எழுத மாட்டாரு.

— யாரு அவரு?

— தெரியாது. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டுப் போயிடுவாரு. எங்க வீட்டுக்காரர் இதே ஆஸ்பத்திரிலதான் சார் தவறிப்போனாரு. அப்புறம் நான் வேலைக்குத் திரும்பின அன்னைக்கு யாரு முகத்தையும் பார்க்கப் பிடிக்கல. பலகையைப் பார்த்தேன். 'நீலத் திமிங்கலக் குட்டி தினம் தொண்ணூறு கிலோ எடை கூடும், பாவம் அதைத் தூக்கி வச்சுக்கற அம்மா'ன்னு எழுதியிருந்துச்சு. சிரிச்சுட்டேன். அந்த மாசம் முழுக்க நான் சிரிச்சது அதுக்கு மட்டும்தான்.

— அப்புறம்?

— ஆறு வருஷம் முன்னாடி ஒரு நாள் வந்து பார்த்தா வெறும் சுவர்தான் இருந்துச்சு. யாரும் படிக்கலன்னு கழட்டிட்டாங்களாம். யாரு எழுதினதுன்னு எல்லாரையும் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. நீங்க ஆபீசர், உங்களால முடியும். அவரைக் கண்டுபிடிங்க சார். எங்க இருந்தாலும் வந்து சொல்வாரு, நான் திருடலன்னு.

— சொல்வாரும்மா. கண்டிப்பாச் சொல்வாரு. இரு, ஒரு போன் பண்ணிக்கறேன்.

— யாருக்கு சார்?

— மேட்ரனுக்கு. ஹலோ, சிஸ்டர், ரெக்கார்டு ஆபீசர் பேசறேன். விசாரணை முடிஞ்சுது. இல்ல, அந்தம்மா ஒண்ணும் எழுதிக் கொடுக்கல, கொடுக்கவும் வேண்டாம். அந்த ஒரு மார்க்கைக் கழிச்சுக்குங்க, ரெண்டு அணியும் சமம்னு அறிவிச்சுடலாம். தப்பு பண்ணின ஆள் கிடைச்சாச்சு. கீழ ரெக்கார்டு ரூம்ல கிளார்க்கா இருந்தப்ப, தன்னோட டைரியைப் பார்த்துத் தினம் காலைல பலகைல எழுதின ஆள். இந்த விடைத்தாளையும் அதே டைரியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கான். பேரா? என் பேரையே எழுதிக்குங்க சிஸ்டர். யாரும் படிக்கலன்னு நெனச்சு அந்தப் பலகையைக் கழட்டினவனும் நான்தான்.