குழியில் கிடைத்த டம்ளர்

ஆவடியில் நான் ஏறிய ரயிலின் பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே இரண்டு பேர் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் சொன்னதைக் கேட்டதும் நான் கையிலிருந்த வார இதழை மடித்துவிட்டேன்.

“எம் பொண்ணு யூனிவர்சிட்டில தொல்லியல் படிக்கப் போனாலும் போனா, ஒரு மாசமா குடும்பத்தோட எதிர் ஊட்டுக் கக்கூஸுக்குப் போறோம்.”

“இன்னாக்கா சொல்ற?”

“பழைய கக்கூஸ இடிச்சுட்டு புதுசுக்குக் குழி தோண்டுனோம். பானை ஓடு ஒண்ணு வந்துச்சு. அவ்ளோதான், ஆளுங்களத் தொரத்திட்டா. சுத்தி ஆப்பு அடிச்சு, கயிறு கட்டி, பெயின்ட் பிரஷ்ஷால தோண்டிக்கினு கீறா.”

“பிரஷ்ஷாலயா? எவ்ளோ ஆழம் போச்சு?”

“ஒரு நாளைக்கு ஒரு விரக்கடை. மண்ண சல்லடைல வேற சலிக்கிறா.”

“இன்னா கெடச்சுது?”

“நேத்து ஓரத்துல ஒரு எவர்சில்வர் டம்ளரு. பேரு வெட்டிக்கீது. தொடச்சு தொடச்சு, தெருவுக்கே கேக்குற மாதிரி எழுத்துக்கூட்டிப் படிச்சா.”

“யாரு பேரு?”

“எதிர் ஊட்டுக்காரி பேரு. பத்து வருசம் முன்ன காணாம போனது. நாங்க எடுக்கலன்னு மாதா கோயில்ல நின்னு சத்தியம் பண்ணேன்.”

இளையவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

“அப்ப கக்கூஸு?”

“எதிர் ஊட்டுக்காரி நேத்தே பூட்டு போட்டுட்டா. எட்டு மணி ஷிப்டுக்கு ஆறு மணி வண்டில கம்பெனிக்கு எதுக்கு ஓடுறேன்னு நெனச்ச?”