அவன் வந்தா மட்டும் ஓடும்

...மாத்தாத பாகமே இல்லைங்க அந்தக் கம்ப்யூட்டர்ல. நீங்க உக்காருங்க, திரைத் துணியை அந்த நாற்காலி மேல வைங்க, அளவு அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல மெமரின்னான், மாத்தினான். அப்பறம் பவர் சப்ளைன்னான், அதையும் மாத்தினான். இப்ப மதர்போர்டும் புதுசு. நான் வாங்கினதுல மிச்சம் இருக்கறது அந்த வெளித் தகரம் மட்டுந்தான். ஆனா பொசுக்கு பொசுக்குன்னு அணையுது பாருங்க, அது மட்டும் மாறவே இல்ல.

யாரா? தெருமுனையில கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கானே, ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, நீங்க ஒண்ணு கேட்டா அதை வாங்கி உள்ள வச்சு யோசிச்சுட்டு அப்பறமா பதில் சொல்லுவானே, அவன்தான். நீங்க கீழ் வீட்டுக்குப் புதுசா வந்தவங்க, போகப் போகத் தெரியும். அவன்தான் இதைச் சேத்துக் குடுத்தான். எனக்குத் தையல் டிசைன் வரைய, இவருக்குச் சீட்டு விளையாட. நான் ஒரு தலகாணி உறைக்குப் பூ வரைவேன், அஞ்சு இதழ் பூ, மூணாவது இதழ்ல அணைஞ்சுடும். இவரு ஜெயிக்கப் போற நேரத்துல அணைஞ்சுடும். தோக்கறப்ப அணையாதான்னு கேட்டா, அப்பவும் அணையுமாம், ஆனா அதை அவரு கணக்குல வச்சுக்கறதில்ல.

இதுல கொடுமை என்ன தெரியுமா? அவன் வந்து உக்காந்தா அணையாது. நல்ல பிள்ளையாட்டம் ஓடும். காலைல வந்து மத்தியானம் வரைக்கும் உக்காந்து பாப்பான், ஒரு சிமிட்டல் கிடையாது. கடைக்குத் தூக்கிட்டுப் போய் ராத்திரி பூரா ஓட விட்டேங்கறான், அங்கயும் ஓடுச்சாம். அவன் செருப்பை மாட்டிக்கிட்டுப் படி இறங்கிப் போவான், நான் எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி வச்சுட்டு வந்து உக்காருவேன், செத்துப் போயிடும். சொல்லுங்க, இது மெஷினோட கோளாறா, ஆளோட கோளாறா?

எனக்கு மெதுவாத்தான் புரிஞ்சுது. பெரியவ இருக்கா இல்லையா, என் மூத்த பொண்ணு, நேத்து மாடிப்படியில உங்களைப் பாத்துச் சிரிச்சாளாமே, அவதான். அவன் வர்ற அன்னிக்கெல்லாம் அவளுக்கு ஆபீஸ்ல சீக்கிரம் வேலை முடிஞ்சுடுது. டீ போட்டுக் குடுக்கறா. எனக்கு ஒரு நாள் போட்டுக் குடுத்ததில்லைங்க அந்தப் பொண்ணு. நான் நூல் கோக்கற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டே பாத்துட்டேன். கடைசியில அவளே வந்து சொன்னா, "அம்மா, கட்டினா அவரைத்தான்"னு.

அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு விளங்குச்சு. இவன் வேணும்னேதான் ஏதோ செஞ்சு வச்சுட்டுப் போறான். போனா அணையணும், அணைஞ்சா கூப்பிடுவோம், கூப்பிட்டா வரலாம். பாகத்துக்கெல்லாம் காசு வேணாங்கறான், அதுலயே தெரியலையா? நான் விடுவேனா. மூஞ்சிக்கு நேராவே கேட்டேன், "தம்பி, ஒரு பொட்டியை ஒழுங்கா ஓட வைக்கத் தெரியல, ஒரு குடும்பத்தை எப்படி ஓட்டுவே?"ன்னு. கண்ணாடியைத் தொடச்சான். "நாளைக்கு உள்ள வைக்க இன்னொரு ஃபேன் கொண்டாறேம்மா"ன்னான். அன்னிலேர்ந்து பெரியவ எங்கூட முகம் குடுத்துப் பேசறதில்ல. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கறா, போறா. பெத்த பொண்ணு அதே வீட்டுல இருந்துக்கிட்டுப் பேசலன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க. எனக்குச் சோறே இறங்கல.

அதுக்காக விட்டுக் குடுக்க முடியுமா. இன்னிக்குச் சாயங்காலம் அவன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் பொண்ணு கேட்டு வர்றான். இவரு வரச் சொல்லிட்டாரு. எங்கிட்டக் கேக்கவே இல்ல, "பாவம் நல்ல பையன்"னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நானும் ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன். அவங்க வந்து உக்காந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு விடுவேன். வாய் பேச மாட்டேன். டீயைக் குடுப்பேன். அவங்க குடிச்சு முடிக்கறதுக்குள்ள டப்புன்னு அணையும். அப்பச் சொல்லுவேன், "பாத்துக்கங்க, இதுதான் உங்க பையன் கைவேலை, என் பொண்ணை இந்தக் கையில குடுக்க மாட்டேன்"னு. எப்படி? நேத்துலேர்ந்து சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன்.

இருங்க, உங்களுக்கு இப்பவே போட்டுக் காட்டறேன். மேஜைக்கடியில பாருங்க. பட்டன் தெரியுதா? அதுக்குன்னே மேல மாட்டின உறையில வட்டமா வெட்டி ஓரம் தச்சிருக்கேன். ம்... வந்துடுச்சு. இனிமே வேடிக்கை பாருங்க.

உறை நல்லாருக்கா? நானே தச்சதுதான். எங்க வீட்டுல உறையில்லாத பொருளே கிடையாதுங்க. டிவி, ஃபிரிட்ஜ், மிக்சி, சுவத்துல மாட்டின கடிகாரத்துக்குக்கூட ஒண்ணு வச்சிருக்கேன், வெள்ளையடிக்கறப்பப் போட. இவரு ஒரே எடத்துல ரொம்ப நேரம் உக்காந்தா அளவெடுத்துடுவேன்னு கிண்டல் பண்ணுவாரு. ஆனா இதுக்குத்தான் கைவேலை ஜாஸ்தி. மொதல்ல சாதாரணத் துணியிலதான் தச்சேன். அவன் ஒரு நாள், "காத்தாட வைங்கம்மா"ன்னான். சரி, விஷயம் தெரிஞ்சவன் சொல்றானேன்னு ஜன்னல் ஓரமா நகத்தினேன். அங்க தெருத் தூசி அத்தனையும் வருது. அதனால கெட்டித் துணியா மாத்தினேன். பின்னாடி ஓட்டை ஓட்டையா இருக்கும் பாருங்க, தூசிக்கு அதுதான் வாசல், அங்க ரெட்டைத் துணி குடுத்தேன். அப்பறம் பெரிய ஃபேன் போட்டானா, ஒரே இரைச்சல், சீரியல் வசனமே கேக்கல. உள்ள சுத்தி ஸ்பாஞ்சு வச்சுத் தச்சேன். இப்பக் கேளுங்க, சத்தமே இல்ல.

அவன் முன்னாடியா? அவன் வந்தா இதைக் கழட்டிடுவேன். கை பூரா கறுப்பா வச்சுக்கிட்டு வருவான், இது வெளுத்த துணி. அவன் வர்றதுக்கு முன்னாடியே கழட்டி, மடிச்சு, பீரோவுல வச்சுடுவேன். அவன் போனப்பறம் எடுத்து மாட்டுவேன். நாம பாத்துப் பாத்துத் தச்சது இல்லையா.

ஆ... அணைஞ்சுது. பாத்தீங்களா? சொன்னேனா இல்லையா? சாயங்காலமும் இதே மாதிரி அணைஞ்சா எனக்குப் போதும்.

என்ன, கையை உதர்றீங்க? சுடுதா? எங்க... அட, ஆமா. அடுப்பை இறக்கி வச்ச மாதிரில்ல இருக்கு. உள்ள காத்து எப்படிப் போகும்னா... அதான் ஃபேன் இருக்கே. பெரிய ஃபேன். காத்து வெளிய வர்றது அந்தப் பின்னாடி ஓட்டை வழியா...

உறையைக் கழட்டிட்டுப் போட்டுப் பாக்கணுமா? எதுக்குங்க? சரி, புதுசா வந்திருக்கீங்க, உங்க திருப்திக்குப் போடறேன். மொதல்ல ஆறட்டும்.

ஒண்ணு சொல்றேன், மத்தபடி கெட்ட பையன்னு சொல்ல முடியாதுங்க. போன மாசம் என் தையல் மெஷின் மோட்டார் நின்னுபோச்சு, யாரோ வீட்டுக் கல்யாணத் துணி பூரா கையில இருக்கு. அவன் கேள்விப்பட்டு வந்தான், கூப்பிடவே இல்ல. தரையில படுத்துக்கிட்டுச் சரி பண்ணினான். நான் அப்பவும் நாலு வார்த்தை திட்டினேன், எதுக்குன்னு ஞாபகமில்ல. சிரிச்சுக்கிட்டுப் போனான். இதோ, உறையைக் கழட்டிப் போட்டுட்டேன். அப்பா, என்ன இரைச்சல்.

திரைக்கு மடிப்பு நெருக்கமா வேணுமா, அகலமா வேணுமா? ஜன்னல் எத்தனை சொன்னீங்க? முன் ரூமுக்குக் கனமான துணிதான் நல்லது, வெயில் வராது. மேல வளையம் வச்சுத் தச்சா கழட்டித் தொவைக்க சுலபம். பூ டிசைன் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு காட்டறேன், இந்தாங்க, இப்படி அஞ்சு இதழ்... ஒண்ணு... ரெண்டு... மூணு...

நாலு.

...அஞ்சு. பூ முடிஞ்சுடுச்சுங்க.

இன்னும் ஓடுது.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. எனக்குப் புரியுது. புரியாம என்ன. ஐயோ, அந்தப் பிள்ளையை என்னென்ன பேசிட்டேன். குடும்பத்தை எப்படி ஓட்டுவேன்னு கேட்டேனே. பொறுமையா ஒவ்வொண்ணாக் கழட்டி மாத்தினான், நான் பின்னாலேயே போய் உறையை மாட்டி அதோட மூச்சை அடைச்சு வச்சிருக்கேன். அவ வேற அழுது அழுது கண்ணு வீங்கிக் கெடக்கா. சாயங்காலம் அவங்க அம்மா முன்னாடி வேற நான்... நல்லவேளை, நீங்க திரைத் துணியைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க.

இவரு காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு. உங்க பையைக் குடுங்க. கொஞ்சம் தெறந்து பிடிங்க. உறையை மடிச்சு உள்ள வச்சுட்டேன், ஸ்பாஞ்சு நல்ல ஸ்பாஞ்சு, ரெண்டு தலகாணி ஆகும் உங்களுக்கு. தையல் கூலி நான் வாங்கல, நீங்க வாய் தெறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மணி அடிக்குது. அதுக்குள்ளயா வந்துட்டாங்க? ஏங்க, நீங்க எங்க எழுந்திரிக்கறீங்க? உக்காருங்க, டீ குடிச்சுட்டுத்தான் போகணும். பெரியவளே, கதவைத் தெறம்மா. முகத்தைத் தொடச்சுக்கிட்டுத் தெற.

வாங்க, வாங்க. வாங்க சம்பந்தியம்மா, ஃபேனுக்கு அடியில உக்காருங்க. நீங்களும் வாங்கண்ணா. இது கீழ் வீட்டு அம்மா, நம்ம வீட்டு ஆளு மாதிரி. மாப்பிள்ளை, பையைக் கீழ வைங்க முதல்ல. கம்ப்யூட்டர்ல ஒண்ணும் பாக்க வேண்டியதில்ல, சரியாயிடுச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? நீங்க வந்தா அது ஓடும்னு இந்தத் தெருவுக்கே தெரியுமே.