காரணம் எழுதும் கட்டம்

— சொந்தக் காரணத்தால வேலைய விடுறேன்னு ரெண்டு வரி எழுது கண்ணு. எச்ஆர் வீணா மேடம் வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

— எழுத மாட்டேன் அம்புஜம் அக்கா.

— சொன்னாக் கேளு ரக்ஷிதா. நம்ம தையல் லைன்ல எவளாவது உன் பக்கத்து மெஷின்ல உக்காருறாளா? நீ தனியா சுவத்தைப் பாத்து சாப்பிடுறே, எனக்குச் சோறு எறங்கல. ஆனேக்கல்ல என் தம்பி கம்பெனி இருக்கு. அங்க உன்னை யாருக்கும் தெரியாது.

— பெங்களூர்ல இந்த பீன்யாலயும் போன மாசம் வரைக்கும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

— தலையெழுத்து, என்ன பண்றது.

— என்னை வித்தவன் மேல கோர்ட்ல சாட்சி சொல்லப் போனேன். அதுக்காக வேலைய விட்டு அனுப்பக் கூடாதாம், வக்கீல் மேடம் சொன்னாங்க. என்னை மாதிரிப் பொண்ணு யாருன்னு வெளிய விட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலாம்.

— ஜெயிலா?

— ஆமா. பாதியில வெளிய போறவங்களுக்கு எழுதுற கேட் பாஸ் நோட்டைப் போட்டோ எடுத்து அவங்ககிட்ட காட்டினேன். காரணம் எழுதுற கட்டத்துல எல்லாருக்கும் கன்னடத்துல ‘ஸ்வந்த கெலச’, சொந்த வேலைன்னுதான் இருக்கு. எனக்கு நேர மட்டும் கற்பழிப்புக் கேஸ் சாட்சின்னு இருக்கு.

— செக்யூரிட்டி எவனாவது எழுதியிருப்பான்.

— தமிழ்ல எழுதியிருக்குக்கா. செக்யூரிட்டிக்கு ஏது தமிழ்.

— நீ கோர்ட்டுக்குப் போன அன்னிக்கு ஷிப்மெண்ட் நாள்டி, சரக்கு போயாகணும். சொந்த வேலைன்னா மேனேஜர் ரவிக்குமார் விட மாட்டாரு. அவரும் நம்ம தமிழாளு, நிஜத்தைப் படிச்சா மனசு எறங்குவாருன்னு பாத்தேன். தமிழ்ல எழுதினா மத்தவங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சேன். நம்ம லைன் பொண்ணுங்களும் அதே நோட்டுல கையெழுத்து போடுவாங்கன்னு புத்திக்கு எட்டல. லைன் சூப்பர்வைசர்னு நான்தான் எழுதினேன், பாவி.

— தெரியும்க்கா. டார்கெட் போர்டுல நீங்க தெனம் எழுதுற அதே எழுத்துதானே.

— தெரிஞ்சுமா ஒரு வார்த்த கேக்கல?

— வேலைக்குச் சேந்த அன்னிக்கு எங்கிட்ட சாப்பாட்டு டப்பா இல்ல. உங்க புளிசாதத்துல பாதியை மூடியில போட்டுத் தந்தீங்க. அதை நெனச்சா கேக்க வாய் வரல.

— வக்கீலம்மாகிட்ட என் பேரைச் சொல்லிடு கண்ணு. எனக்கு ஆவறது ஆவட்டும். உனக்கு வேலையாவது மிஞ்சும்.

— நேத்தே கேட்டாங்க, இது யாரு எழுத்துன்னு. நீயே எழுதினதுன்னா கம்பெனிய ஒண்ணும் கேக்க முடியாதும்மான்னும் சொன்னாங்க. நானே எழுதினதுதான்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன்.