அறுபத்தேழு மில்லிமீற்றர்

ஹலோ... ஹலோ, எஸ்பியர்க் பஸ்தியாம்பிள்ளை அண்ணையோ?... நான் அழகரத்தினம், ஹொல்ஸ்டெப்ரோவிலை இருந்து... ஓம், ஓம், எல்லாரும் சுகம். அண்ணை, முதல்லை இருங்கோ. இருந்திட்டியளோ? டென்மார்க் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவித்தல்... இல்லை, ஒருத்தரும் சாகேல்லை. அதைவிடப் பெரிசு. எங்கடை வேட்டைக் கிளப்பிலை துவக்கோடை நிக்க ஒரு இடம் காலியாச்செல்லே? நானும் ஸ்ரிபனும் கேட்டது? அதிலை மாபெரும் சதி நடந்திருக்கு.

ஓம், அந்த ஸ்ரிபன்தான். லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருசம் ஆகேல்லை, கடையிலை வாங்காமல் தோட்டாவைத் தானே வீட்டிலை அடைக்கிறாராம்! இண்டைக்குக் காலமை அந்த இடத்துக்குச் சூட்டுப் போட்டி. பத்துக்குப் பத்து, ஒரு கோப்பைத் தட்டளவுக்குள்ளை அடக்கிப்போட்டான். தலைவர் ஹென்ரிக் அவன்ரை முதுகிலை தட்டுறார். என்ரை முதுகிலை, கிளப்பிலை சேந்த பதினொரு வருசமா, ஒரு இலையான்கூட இருக்கேல்லை.

நானோ?... நானும் அடைச்சுக்கொண்டுதான் போனனான்... எங்கை சுடுறது? தோட்டா மகசீனுக்குள்ளையே போகேல்லை, அண்ணை.

நெரிச்சன், நெரிச்சன். சன்னத்தை இறுக்கிப் பிடிக்கக் கோதின்ரை வாயை நல்லா நெரிச்சன். செமி ஓட்டோமற்றிக் அடுத்த தோட்டாவை அடிச்சுத் தள்ளும், சன்னம் ஆடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்... சன்னம் கோதுக்குள்ளை நிண்டால்தானே நெரிக்கலாம்! வைக்க வைக்க விழுந்து உருளுது. நெரிச்ச நெரியிலை கோதின்ரை கழுத்து மடங்கினதுதான் மிச்சம். ஒருமாதிரி ஒட்டி நிண்ட நாலைஞ்சைத்தான் கொண்டுபோனனான். விக்ரோரியாதான் மேசைக்குக் கீழை பொறுக்கினவள்... சிரிச்சவள், ஓம். "ஸ்ரிபனைக் கேட்டிருக்கலாமே" எண்டாள். என்ரை மனிசி, அண்ணை! என்ரை வீட்டிலை, அவன்ரை பேர்!

தோட்டாவின்ரை மொத்த நீளமோ? அறுபத்தேழு மில்லிமீற்றர்... அறுபத்தேழு!... புத்தகம் பாக்கேல்லை. ஸ்ரிபன் ஹென்ரிக்குக்குச் சொல்லேக்கை கேட்டனான்... முன்னாலை இல்லை, கோப்பி மெசினுக்குப் பின்னாலை... ஒளிச்சுக் கேக்கேல்லை! கோப்பி ஊத்தினனான்.

டேனிஷிலைதான் சொன்னவன். ஸூ-ஓ, ஏழும்... த்ரெஸ் எண்டு... ஹல்த்ரெஸோ?... பொறுங்கோ. த்ரெஸ் எண்டால் அறுபது. ஹல்த்ரெஸ் எண்டால்...

ஐம்பது.

ஓம்... ஓம், ஐம்பத்தேழு. விளங்குது, சன்னம் பத்து மில்லிமீற்றர் வெளியிலை நிண்டால் விழாமல் என்ன செய்யும்... முப்பத்தொரு வருசம், ஓம், டென்மார்க்கிலை முப்பத்தொரு வருசம்... சிரியாதேங்கோ, அண்ணை! அவன் வேணுமெண்டுதான் அந்த 'ஹல்'லைச் சப்பி முழுங்கினவன்! நான் பின்னாலை நிக்கிறது தெரிஞ்சுதான்!

ஏன் நேரை கேக்கேல்லையோ?... கேட்டால் சொல்லித் தந்திருப்பான். அதுதான் வயித்தெரிச்சல். சிரிச்ச முகத்தோடை, தாளிலை எழுதியும் தந்திருப்பான். பிறகு ஊரெல்லாம் நான் அவனிட்டைப் படிச்சவன் எண்டு கதைக்கும்.

ஹலோ?... இருக்கிறன், இருக்கிறன்... இடமோ? அவனுக்குத்தான். மத்தியானம் சொல்லிப்போட்டினம்... இல்லை, என்னையும் விடேல்லை. எனக்கும் ஒரு பதவி. 'கிளாப்பர்'... சொல்லுக்குச் சொல் பாத்தால் கைதட்டுறவன்... துவக்கு இல்லை. செம்மஞ்சள் சட்டை போட்டு, பத்தைக்குள்ளாலை சத்தம் போட்டு மானைக் கலைச்சுவிடுற ஆள்.

ஓம், அண்ணை. சனிக்கிழமை வேட்டையிலை ஸ்ரிபன் சுடுவான். நான் கைதட்டுவன்.